வடபழனிக்கும் கீழ்ப்பாக்கத்திற்கும் இடையே

வாரந்தோறும் ஒரு வேதப் பகுதியை எடுத்துத் தியானிப்பது நம் வழக்கம். இந்த வாரம் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, நம் சபையின் சகோதரி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி அது. பெயரைச் சொல்லாமல் எழுதலாம் என்று அவரே அனுமதி தந்திருக்கிறார்.

ஆறு மாதமாக அவருக்கு நெஞ்சு படபடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை உறக்கமில்லை. பிள்ளை பள்ளியிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானால் கை நடுங்குகிறது, மூச்சு முட்டுகிறது. இதயத்தைச் சோதித்தார்கள், இ.சி.ஜி.யில் குறையில்லை. தைராய்டும் சரியாகவே இருந்தது. "இது மனப்பதற்ற நோயாக இருக்கலாம், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்றார் மருத்துவர். வீட்டில் அதைச் சொன்னபோது, "அப்படியானால் கீழ்ப்பாக்கத்துக்கா?" என்று சிரித்தார்களாம். அந்தச் சகோதரி என்னிடம் கேட்டது இதுதான்: "ஐயா, நான் மாத்திரை சாப்பிட்டால் எனக்கு விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமா?"

இந்தக் கேள்வியை நான் கேட்பது இது முதல் முறை அன்று. ஊழியத்தின் தொடக்க நாள்களில் ஒரு வாலிபர் இதே கேள்வியோடு என்னிடம் வந்தார். "தம்பி, பயமும் விசுவாசமும் ஒரே இருதயத்தில் குடியிருக்க முடியாது, உபவாசித்து ஜெபியுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த இரண்டு ஞாயிறுகளில் அவரை ஆலயத்தில் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்திவிட்டார் என்றும், வேலைக்குப் போக முடியாமல் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார் என்றும் பல மாதங்கள் கழித்துக் கேள்விப்பட்டேன். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொன்னேன். அதன் விலையை அவர் கொடுத்தார். அதனால் இந்தச் சகோதரிக்கு உடனே பதில் சொல்லாமல், ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த வாரத்தில் நான் படித்தறிந்த வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு சொல் கேலியான கதை

முதலில் அந்தச் சிரிப்பைக் கவனியுங்கள். 'கீழ்ப்பாக்கம்' என்பது ஓர் ஊரின் பெயர். அங்கே வீடுகளும் பள்ளிகளும் ஆலயங்களும் இருக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டின் எந்த மூலையில் அந்தப் பெயரைச் சொன்னாலும் கேட்பவர் சிரிக்கிறார். இந்தச் சிரிப்பைப் பரப்பியதில் நம் சுற்றுவட்டாரத்திற்கும் பங்குண்டு. ஏவி.எம்., விஜயா வாகினி முதலிய படப்பிடிப்பு நிலையங்கள் இருந்த வடபழனியிலும் கோடம்பாக்கத்திலும் உருவான திரைப்படங்களில், 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பது எவ்வளவோ முறை நகைச்சுவையாக ஒலித்தது. இன்று வடபழனியில் மெட்ரோ ஏறினால் கோயம்பேட்டையும் அண்ணா நகரையும் கடந்து, இறங்கி மாறாமலே கீழ்ப்பாக்கத்தை அடையலாம். தூரம் அவ்வளவு குறைவு. ஆயினும் அந்தக் கேலிக்கு அஞ்சி, அங்கே மட்டுமல்ல, எந்த மனநல மருத்துவரிடமும் போகாமலே வாழ்நாளைக் கழித்தவர்கள் பலர்.

அந்த அச்சம் காரணமில்லாமல் பிறக்கவில்லை. 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலண்டைன் கனோலி, மனநோயாளிகளுக்கென்று சென்னையில் ஒரு விடுதியைத் தொடங்கினார். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்தில் 'லோகாக் தோட்டம்' எனப்பட்ட இடத்திற்கு மாறியது. அங்கே முதலில் கொண்டுவரப்பட்டவர்கள் 145 பேர். அந்நாளில் அதன் பெயரில் மருத்துவமனை என்ற சொல்லே இல்லை. பைத்தியக்காரர் காப்பகம் என்ற பொருளுடைய பெயர்தான் இருந்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டமும் நோயாளியின் நலத்தைவிட அவரை அடைத்து வைக்கும் முறைகளைப் பற்றியே அதிகம் பேசியது. பெரும்பாலும் மிகக் கடுமையான நிலைக்கு வந்தவர்களே அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். உள்ளே போனவர்களில் பலர் வெளியே வரவில்லை. வெளியே நின்ற ஊரார் கண்ணில் பட்டது அந்த மதில் ஒன்றுதான்.

1922-இல் அது 'அரசு மனநல மருத்துவமனை' ஆயிற்று. பெயர் மாறினாலும் மதில் உடனே தாழ்ந்துவிடவில்லை. அதைத் தாழ்த்தியவர்களில் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் டாக்டர் சாரதா மேனன். 1961-இல் அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவரே. 1978-இல் ஓய்வு பெறும்வரை, நோயாளி வந்து பார்த்து மருந்து பெற்றுத் தன் வீட்டுக்கே திரும்பும் வெளிநோயாளர் சிகிச்சையை வளர்த்தார். மாவட்ட மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு வேண்டும் என்று அரசிடம் வலியுறுத்தினார். குணமடைந்து வருவோர் கைத்தொழில் பழகவும் வழி செய்தார். 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 2021 டிசம்பரில், 98-ஆம் வயதில் காலமானார்.

பிரியமானவர்களே, இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டார் சிரிக்கும்போது அவர்கள் மனத்தில் இருப்பது நூறு ஆண்டுகளுக்கு முந்திய மதில். இன்று படபடப்புக்கும் உறக்கமின்மைக்கும் சிகிச்சை பெறுகிறவர் எந்த மதிலுக்குள்ளும் போவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவில் சீட்டு வாங்கி, மருத்துவரிடம் பேசி, மாலைக்குள் வீடு திரும்புகிறார்.

படபடக்கும் நெஞ்சு

கீழ்ப்பாக்கத்திற்கு அந்தக் காப்பகம் மாறிய அதே 1871-இல், அமெரிக்காவில் ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். உள்நாட்டுப் போரில் பணியாற்றிய படைவீரர்கள் பலர் நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், களைப்பு என்று அவரிடம் வந்திருந்தார்கள். சோதித்துப் பார்த்தால் அவர்களில் பலருடைய இதயத்தில் நோயின் அடையாளம் காணப்படவில்லை. நம் சகோதரி கையில் வைத்திருக்கும் இ.சி.ஜி. தாளைப் போன்ற நிலைமை அது. அவர்கள் கோழைகள் அல்லர். போர்க்களத்தைக் கண்டு வந்தவர்கள். 1895-இல் சிக்மண்ட் பிராய்டு, பதற்றத்தைத் தனியான ஒரு நோயாகப் பிரித்துக் காட்டி எழுதினார்.

நோய்க்குப் பெயர் கிடைத்தாலும் மருந்து எளிதில் கிடைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் புரோமைடு உப்பு கொடுத்தார்கள். 1903-க்குப் பிறகு பார்பிச்சுரேட் வகை உறக்க மருந்துகள் வந்தன. அவை அளவு சற்று மிஞ்சினாலும் உயிரைப் பறித்தன. 1960-இல் லிப்ரியமும் 1963-இல் வேலியமும் விற்பனைக்கு வந்தபோது, பதற்றத்திற்கு முடிவு வந்துவிட்டது என்றே உலகம் நினைத்தது. ஆனால் நீண்ட காலம் உட்கொண்டால் உடல் அவற்றுக்கு அடிமையாகிறது என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. ஆகவே இன்று அவ்வகை மாத்திரைகளை மருத்துவர்கள் குறுகிய காலத்திற்கே தருகிறார்கள். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த மாத்திரையை நீங்கள் வாங்கிச் சாப்பிடக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

1980-களின் பிற்பகுதியிலிருந்து வேறு வகை மருந்துகள் பரவலாயின. மூளையில் செரட்டோனின் என்ற பொருளின் செயல்பாட்டைச் சீராக்க உதவும் இவை அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் உடனே பலன் தருவதும் இல்லை. சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். முதல் சில நாள்களில் சிலருக்குப் பதற்றம் சற்றுக் கூடுவதுபோலவும் தோன்றலாம். அந்த நேரத்தில்தான் பலர் மனம் தளர்ந்து கைவிடுகிறார்கள். சுகம் கண்டபின் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. தொடங்குவதையும், கூட்டுவதையும், படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். என்னிடம் வந்த அந்த வாலிபருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் இதுவே.

மருந்தோடு இன்னொரு வழியும் வளர்ந்தது. 1950-களில் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக, உடலைத் தளர்த்திக்கொண்டே சந்திக்கப் பழக்கினால் அச்சம் குறைவதைக் கண்டார். 1960-களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக், அச்சத்தைப் பெருக்கும் எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, 'இதற்கு ஆதாரம் உண்டா?' என்று நோயாளியே சோதித்துப் பார்க்கும் முறையை வகுத்தார். பிள்ளை பத்து நிமிடம் தாமதமானால் 'விபத்து நடந்துவிட்டது' என்று மனம் சொல்கிறது. இதற்குமுன் எத்தனை முறை அப்படிச் சொன்னது? எத்தனை முறை அது உண்மையாயிற்று? பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகர் ஒருவர் துணையோடு, வாரம் ஒருமுறை சில மாதங்கள் இதைப் பழகுகிறார்கள். பலருக்கு இது மருந்துக்கு இணையான பலன் தருகிறது. சிலருக்கு இரண்டும் சேர்ந்து வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. மூச்சை மெதுவாக உள்ளிழுத்து அதைவிட மெதுவாக வெளிவிடுவது, நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பது, மாலைக்குப்பின் காப்பியைத் தவிர்ப்பது, ஒரே நேரத்தில் படுத்து எழுவது ஆகியவை எளியவை, செலவில்லாதவை. சிலருக்கு இவையே போதும். ஆனால் பல வாரங்களாகப் பதற்றம் விடாமல் நீடித்து, வேலையையும் உறக்கத்தையும் குடும்பத்தையும் பாதிக்குமானால், இவற்றை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஜெபத்தால் சுகம் பெற்றவர் கட்டிய மருத்துவமனை

"இவையெல்லாம் உலகத்தாரின் வழி, விசுவாசிகளுக்கு ஜெபம் போதாதா?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நம் திருச்சபை வரலாற்றிலிருந்தே ஒருவரைக் காட்டுகிறேன்.

ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற மெதடிஸ்ட் மிஷனெரியின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். காந்தியடிகளோடு நட்புக் கொண்டிருந்தவர். 1907-இல் இந்தியாவுக்கு வந்தார். எட்டு ஆண்டுகள் ஓயாமல் உழைத்தபின் அவருடைய நரம்புகளும் மனமும் தளர்ந்தன. ஓய்வுக்காகத் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்தபோது மறுபடியும் தளர்ந்தார். ஊழியத்தையே விட்டுவிட வேண்டுமோ என்று கலங்கிய வேளையில், லக்னோவில் ஒரு ஜெபக் கூட்டத்தில் ஆண்டவர் தம்மைத் தாங்கியதாகவும், அன்றுமுதல் புதிய பெலன் பெற்றதாகவும் அவரே 1925-இல் வெளியான தம் நூலில் சாட்சி சொல்லியிருக்கிறார். அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஊழியம் செய்தார்.

இந்தச் சாட்சியைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் கதை இங்கே நின்றுவிடுகிறது. ஆனால் அதற்கு மேலும் ஓர் அதிகாரம் உண்டு. 1950-இல் அதே லக்னோ நகரில், ஸ்டான்லி ஜோன்ஸ் 'நூர் மன்சில்' என்ற மனநல மருத்துவமனையைத் தோற்றுவித்தார். 'ஒளியின் இல்லம்' என்பது அப்பெயரின் பொருள். சிந்தித்துப் பாருங்கள்: ஜெபத்தில் சுகம் பெற்ற மனிதர், மற்றவர்களுக்கு ஜெப மண்டபம் ஒன்றைக் கட்டி, "என்னைப்போல் வந்து முழங்காற்படியிடுங்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. மனநல மருத்துவர்களை வரவழைத்தார். தமக்குக் கிடைத்த கிருபையை மற்றவர்களுக்கு அளவுகோலாக்கவில்லை. நான் அந்த வாலிபரிடம் செய்தது அதற்கு நேர்மாறு.

அதே பத்தாண்டில் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் மனநல சிகிச்சையைத் தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த மிஷனெரி மருத்துவர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அதற்கு முன்னோடி. அங்கே பின்பற்றப்பட்ட ஒரு முறை உலகத்தின் கவனத்தை ஈர்த்தது: நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவரும் கூடவே தங்கினார். மேலைநாட்டு மருத்துவமனைகள் குடும்பத்தை வாசலில் நிறுத்திய காலம் அது. பஞ்சாபின் அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகரும் 1950-களில் குடும்பத்தினரைக் கூடாரங்களில் தங்கவைத்து அதே வழியில் சிகிச்சை செய்தார். வீட்டார் நோயைப் புரிந்துகொண்டால் வீடு திரும்பியவர் மீண்டும் விழுவது குறையும் என்பதை இருவரும் கண்டார்கள். ஆகவே சிகிச்சை மருத்துவரும் நோயாளியும் மட்டுமே செய்து முடிக்கும் காரியம் அன்று. சிரிக்கிற வீட்டாருக்கும் அதில் பங்கு உண்டு.

கூட உட்கார்ந்தவர்கள்

சபைக்கும் பங்கு உண்டு. 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்கள் அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அவரிடம் ஆலோசனை பெற வந்தவர்கள் வெளி அறையில் காத்திருந்தபோது, உதவிக்கு வந்திருந்த சாதாரண மனிதர்கள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாளடைவில் வாரா ஒன்றைக் கவனித்தார். அவர்களிடம் மனந்திறந்து பேசிய பலருக்குத் தம்மைப் பார்க்கும் தேவையே இல்லாமல் போயிற்று. கேட்கத் தெரிந்த காதுகள் அவர்களுக்குப் பாதி மருந்தாயின. 'சமாரியர்கள்' என்ற அமைப்பு அப்படி உருவாயிற்று. அந்த வழியிலேயே நம் சென்னையிலும் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். இன்றும் அங்கே தன்னார்வலர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையும் இருக்கிறது. 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம். இந்த எண்களை உங்கள் வேதாகமத்தின் உள்ளட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் அருகில் உட்காருகிறவருக்கு வேண்டியிருக்கும்.

இறுதியாக, வேதத்திற்கு வருகிறேன். கவலைப்பட வேண்டாம் என்று பிலிப்பியருக்கு எழுதிய அப்போஸ்தலனாகிய பவுலை, பதற்றத்தில் இருப்பவர்களிடம் நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தை நாம் போதுமான அளவு வாசிப்பதில்லை. துரோவாவில் தீத்துவைக் காணாததால் தன் ஆவிக்கு அமைதியில்லாமல் போயிற்று என்று அங்கே பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். மக்கெதோனியாவுக்கு வந்தபோதும் வெளியே போராட்டம், உள்ளே பயம் என்கிறார். சபைகளைப் பற்றிய கவலை நாள்தோறும் தன்னை அழுத்துகிறது என்கிறார். இத்தனைக்கும் அவர் விசுவாசமில்லாதவர் அல்லர். தேவன் அவரை எப்படி ஆறுதல்படுத்தினார்? ஏழாம் அதிகாரத்தில் பவுலே சொல்லுகிறார்: தீத்து வந்து சேர்ந்ததினாலே. வானத்திலிருந்து குரல் கேட்டதாக அங்கே எழுதப்படவில்லை. ஒரு மனிதன் கதவைத் தட்டிக்கொண்டு வந்தான். அது தேவன் தந்த ஆறுதல் என்று பவுல் அறிந்துகொண்டார்.

ஆகவே, சகோதரியே, உங்களுக்கு என் பதில் இது. மாத்திரை சாப்பிடுவதால் உங்கள் விசுவாசம் குறையாது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவரை நாம் அவிசுவாசி என்று அழைப்பதில்லை. மருத்துவரிடம் போங்கள், ஜெபத்தையும் விடாதீர்கள். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. தனியாகப் போக வேண்டாம். நீங்கள் விரும்பினால் என் மனைவி உங்களோடு வருவார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

சபையாரே, உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லை இனிக் கேலிக்குப் பயன்படுத்தாதிருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். யாராவது தம் பயத்தைச் சொன்னால், வசனத்தைச் சொல்லும் முன் முழுவதும் கேளுங்கள். மருத்துவரிடம் போக அஞ்சுகிறவரோடு ஒருநாள் கூடப் போங்கள். தீத்துவைப்போல் வந்து சேருகிற ஒருவருக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

முன்பு என்னிடம் வந்த அந்தத் தம்பி இதை வாசிக்க நேர்ந்தால், அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் கதவு திறந்திருக்கிறது.

ஜெபிப்போம். எங்கள் பரம பிதாவே, கெத்செமனே தோட்டத்தில் உமது குமாரன் அடைந்த வியாகுலத்தை நீர் அறிவீர். இன்றிரவு உறக்கமின்றித் தவிக்கிறவர்களை நினைத்தருளும். மருத்துவர்களின் கைகளையும் ஆலோசகர்களின் பொறுமையையும் ஆசீர்வதியும். தெரியாமல் காயப்படுத்திய எங்கள் வார்த்தைகளை மன்னியும். பயந்திருப்போருக்கு அருகில் அமைதியாக உட்கார எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.